ஷாக் போய்விட்டதா, லிங்க் ராடா? டெல்டா சாலைகளில் எஸ்யூவி ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்து இருபது வருடம் ஆகப்போகிறது. வண்டி லிஃப்டில் ஏறி நிற்கும்போது, உரிமையாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே கேட்கும் கேள்விகள் மட்டும் மாறவே இல்லை. வண்டிகள்தான் மாறிவிட்டன. அன்று அம்பாசடரும் குவாலிஸும் வந்தன. இன்று பத்துக்கு ஆறு நடுத்தர எஸ்யூவி. ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். பேச்சுவழக்கை மட்டும் எழுத்துக்குத் திருத்தியிருக்கிறேன்.

சஸ்பென்ஷன் என்றால் ஷாக் அப்சார்பர்தானே?

இல்லை. மிராசுதார் வீட்டு வில் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பார வண்டியில் சட்டம் நேராக அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே பட்டை பட்டையாக அடுக்கிய இரும்பு வில் இருக்கும். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது அந்த வில்தான். இன்றைய காரில் அதே வேலையைச் சுருள் ஸ்பிரிங் செய்கிறது. வண்டியின் எடையைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான், ஷாக் அல்ல.

அப்படியானால் ஷாக் எதற்கு? ஸ்பிரிங் மாட்டிய தூளியில் குழந்தையைப் போட்டு ஒரு முறை இழுத்து விட்டால், அது பாட்டுக்குப் பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்கும். குழந்தை தூங்கிவிடும். ஆனால் 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அப்படி ஆடினால், மேலே எழும்பும் ஒவ்வொரு முறையும் டயரின் பிடி தளரும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள், சிறு துளைகளுள்ள பிஸ்டன் ஒன்று ஏறி இறங்குகிறது. எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கியடித்து நுழைய வேண்டியிருப்பதால் ஆட்டம் ஓரிரு அசைவில் அடங்குகிறது. அடங்கிய ஆட்டம் எங்கே போகிறது? எண்ணெயில் சூடாக மாறுகிறது. இந்தச் சூட்டை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இவை போக, சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்ம், அது வண்டியோடு சேரும் இடத்து ரப்பர் புஷ், சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் பால் ஜாயின்ட், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பார், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் ராடு ஆகியவையும் சஸ்பென்ஷனில் சேர்ந்தவைதான். இவற்றில் விலை குறைந்த ரப்பரும் லிங்க் ராடும்தான் முதலில் போகின்றன. பழி என்னவோ விலை கூடிய ஷாக்கின் மேல் விழுகிறது.

முன்னால் ஒரு மாதிரி, பின்னால் வேறு மாதிரி என்கிறார்களே, எதற்காக?

முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், நடுவில் என்ஜினுக்கும் இடம் விட வேண்டும். அதனால் பெரும்பாலான நடுத்தர எஸ்யூவிகளில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு அது. பின்னால் திருப்பும் வேலை இல்லை. எனவே கிரெட்டா, செல்டோஸ் போன்றவற்றில் இரு சக்கரங்களையும் இணைத்து, தேவைக்கு முறுக்கிக்கொடுக்கும் ஒரே உத்தரமாக டார்ஷன் பீம் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்யூவி 700-இல் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும் மல்டி லிங்க் அமைப்பு. ஸ்கார்பியோ என் தனிச் சட்டத்தின் மேல் கட்டிய வண்டி; முன்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரட்டைக் கைகள், பின்னால் ஐந்து இணைப்புகளால் பிடிக்கப்பட்ட முழு அச்சு. பொலேரோவில் பின்னால் இன்னும் பட்டை வில்தான். வில் வண்டி முழுதாகப் போய்விடவில்லை.

உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொண்டால் பில்லைப் படிக்க உதவும். டார்ஷன் பீம் வண்டிக்குப் பின்னால் லோயர் ஆர்ம் மாற்றியதாக யாராவது பில் போட்டால், எது என்று காட்டச் சொல்லுங்கள்.

உயரமான வண்டிதானே, பள்ளத்தைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்?

தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி வேறு; சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம் வேறு. இடைவெளி 200 மில்லிமீட்டர் என்றால் பள்ளத்தில் அடி தட்டாது, அவ்வளவுதான். சக்கரம் தன் அசைவின் எல்லைக்கு வந்துவிட்டால் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் மோதும். அப்போது ‘தொம்’ என்று ஒரு அடி உட்காருமே, அது தண்டுவடம் வரை தெரியும். ஹேட்ச்பேக்கில் போகிறவர் பள்ளத்தைக் கண்டு ஒதுங்குகிறார். எஸ்யூவிக்காரர் அதே பள்ளத்தில் 60-இல் இறக்குகிறார். எனக்கு வேலை தருவது இரண்டாமவர்தான்.

எங்கள் மைத்துனர் கோயம்புத்தூரில் இதே வண்டியை 90,000 கி.மீ. ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஏன் சீக்கிரம் போகிறது?

மண்தான் காரணம். டெல்டாவின் அடிமண் பெரும்பகுதி களி. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்கால்களில் தண்ணீர் ஏறியதும் கரையோரச் சாலைகளின் அடிமண் நீர் குடித்து உப்புகிறது. சம்பா அறுவடை முடிந்து கோடை வந்தால் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேலே உள்ள தார் என்ன செய்யும்? அலை அலையாக நெளிந்துவிடும். அதனால்தான் ஒரு குழிகூட இல்லாத சாலையிலும் வண்டி படகு மாதிரி ஏறி இறங்குகிறது. இத்தகைய சாலையில் ஷாக்குக்கு ஓய்வே கிடையாது. மேலே சொன்ன சூடு ஏறிக்கொண்டே போகும், எண்ணெய் இளகும், அடக்கும் வலு குறையும். திருவாரூரிலிருந்து கிளம்பும்போது கச்சிதமாக இருந்த வண்டி, அரை மணி கழித்து மிதக்கிறது என்று சிலர் சொல்வது கற்பனை அல்ல.

இரண்டாவது காரணம் மதகுகளும் சிறு பாலங்களும். வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு, இவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால் என்று சாலை எதையாவது கடந்துகொண்டே இருக்கிறது. பாலம் அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது, இறங்காது. இருபக்கமும் கொட்டிய மண் வருடா வருடம் அமுங்குகிறது. ஆக ஒவ்வொரு பாலத்தின் வாயிலும் ஒரு படி உண்டாகிவிடுகிறது. பள்ளம் கண்ணுக்குத் தெரியும். இந்தப் படி இரவில் தெரியாது. 70-இல் வந்து இதில் முட்டும்போது முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக அடி வாங்குகின்றன. ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியோடு பிணைப்பது மவுண்டிங்; என்னிடம் வரும் உடைந்த மவுண்டிங்குகளில் பலவற்றின் கதை ‘ஒரு பாலம் வந்தது, கவனிக்கவில்லை’ என்றுதான் தொடங்கும்.

வேகத்தடையில் எப்படி ஏற வேண்டும்? குறுக்காக ஏறினால் நல்லது என்கிறார்களே?

இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். நம் தெருமுனைகளில் இருப்பது அதுவல்ல. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, திருவிழாவுக்குப் போட்டு எடுக்காமல் விட்டது ஒன்று என்று வரப்பு மாதிரி குறுகலாக எழுப்பியவை. அவற்றுக்கு 10 கி.மீ.கூட அதிகம்.

பிரேக்கைத் தடைக்கு முன்பே முடித்துவிட்டு, சக்கரம் ஏறும் நொடியில் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து, ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமுங்கியிருக்கும். அடியை வாங்க மிச்சம் இருப்பது பாதி தூரம்தான். குறுக்காக ஏறுவது அடி தட்டும் தாழ்ந்த வண்டிக்கான உபாயம். உங்கள் வண்டி தட்டாது. நேராகவே ஏறுங்கள். குறுக்காக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கி, லிங்க் ராடுக்குத்தான் வேலை கூடும்.

சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் முன்னால் ‘டக் டக்’ என்கிறது. ஷாக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?

பொறுங்கள். இந்தச் சத்தத்துக்கு முதல் சந்தேகம் லிங்க் ராடு. அதன் இரு முனையிலும் சிறு பந்து மூட்டு இருக்கிறது. மூட்டு தேய்ந்தால் செங்கல் சாலையில் போகும்போது யாரோ அடியில் சுத்தியலால் மெல்லத் தட்டுவது போல் கேட்கும். பெரிய பள்ளத்தில் அவ்வளவாகக் கேட்காது, சின்னக் கரடுமுரடில்தான் தெளிவாகக் கேட்கும். ஷாக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான் இதற்கு. மாற்ற அரை மணி போதும், அலைன்மென்ட்டும் தேவையில்லை.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் ஒரே ஒரு ‘தக்’ என்றால் லோயர் ஆர்மின் பின் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால், ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள பேரிங். வெயில் நேரத்தில் வேகத்தடை ஏறும்போது பழைய கதவு போல் முனகி, மழை பெய்ததும் நின்றுவிட்டால் அது காய்ந்த ரப்பர் புஷ். சத்தம் வரும்போது பிரேக்கை இலேசாகத் தொடுங்கள். உடனே நின்றால் அது சஸ்பென்ஷனே அல்ல, பிரேக் பேடு தளர்ந்து ஆடுகிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? கும்பகோணத்தில் கோயில் மதில் ஓரத்துத் தெரு ஒன்றில் ஆள் நடமாட்டம் இல்லாத காலை வேளையில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். மதில் சத்தத்தைத் திருப்பித் தரும்.

ஒரு சம்பவம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், பின்னால் ‘தொடக் தொடக்’ என்கிறது என்று வேறோர் இடத்தில் பின் ஷாக் இரண்டையும் மாற்றியும் சத்தம் போகாமல் என்னிடம் வந்தார். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன், எல்லாம் இறுக்கம். வண்டியை ஓட்டச் சொல்லிப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். சத்தம் கீழிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. டிக்கியின் பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னிக் குழியில் மட்டை உரித்த தேங்காய் ஒன்று, முளை விட்ட நிலையில். எந்தக் கோயிலுக்கு வாங்கியது என்று அவருக்கே ஞாபகமில்லை. அன்று முதல் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி மூன்றையும் பார்க்காமல் நான் வண்டியைத் தூக்குவதில்லை.

அப்படியானால் உண்மையிலேயே ஷாக் போயிருந்தால் எப்படித் தெரியும்?

மட்கார்டை அமுக்கி விட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அது முழுக்கச் செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். கனமான இன்றைய வண்டியைக் கையால் அமுக்கும் விசை போதாது. பாதி போன ஷாக் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

மூன்று இடத்தில் பாருங்கள். முதலாவது ஷாக்கின் உடம்பு. மேல்பகுதியில் மெல்லிய ஈரப்பசை மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் கீழ்வரை வழிந்து, அதில் புழுதி அப்பிக் கறுப்புக் களிம்பாக இருந்தால் சீல் போய்விட்டது. இரண்டாவது டயர். உள்ளங்கையை டயரின் மேல் வைத்துச் சுற்றிவரத் தடவுங்கள். அங்கங்கே குழிந்து குழிந்து கிண்ணம் போல் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் குதித்து ஓடியிருக்கிறது. பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை, கெட்டாலும் இப்படித் தேயும் என்பதால் இது மட்டும் சாட்சியாகாது. மூன்றாவது அந்த நெளிந்த சாலை. மேட்டைத் தாண்டியபின் மூக்கு ஒரு முறை எழும்பி அமர வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முறையும் எழும்பினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

கணக்குப் போட்டு மாற்றும் பொருள் அல்ல இது. 80,000 முதல் 1,00,000 கி.மீ. என்று பொதுவாகச் சொல்வார்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டி அதைத் தாண்டும்; கடைமடைக் கிராமத்துக்குத் தினமும் போய்வரும் வண்டி 50,000-இல் கேட்கும். 40,000-க்குப் பிறகு வருடம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தை மாதத்தில், லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் போதும்.

ஒரு பக்கம்தான் ஒழுகுகிறது. அதை மட்டும் மாற்றினால் பாதிச் செலவு மிச்சமல்லவா?

ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பாதி தேய்ந்தது என்றால் அவசர பிரேக்கில் இரு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்காது. முன்னால் இரண்டு போனதற்காகப் பின்னால் இரண்டையும் சேர்த்து நான்காக மாற்ற வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் ஒன்று மட்டும் அடிபட்டு வளைந்தது என்றால் அதை மட்டும் மாற்றலாம்.

முன் ஷாக்கைப் பிரிக்கும்போதே உச்சியில் உள்ள மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை இவற்றையும் பாருங்கள். அவை போயிருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பிரித்துக் கோக்கும் கூலி மறுபடியும் விழும். ஸ்ட்ரட்டை வீட்டில் பிரிக்க முயலாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் கழன்று தெறித்தால் ஆளை முடித்துவிடும்.

அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் ஒன்றுதானே?

அலைன்மென்ட் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரத்தில் தேயும். பேலன்சிங் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. கெட்டால் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். சாலைச் சரிவையும் அலைன்மென்ட் கோளாறாக நினைத்து வருபவர்கள் உண்டு. மழைநீர் வழிய நம் சாலைகள் ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் போகும் வண்டி இலேசாக இடப்பக்கம் போகத்தான் செய்யும்.

பேலன்சிங்கில் எங்கள் ஊருக்கே உரிய நோய் ஒன்று உண்டு. நடவுக் காலத்தில் டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறித் தார்ச்சாலை முழுதும் சேற்றை இழைத்துவிட்டுப் போகும். அதில் ஓடிய வண்டியின் ரிம் உட்புறத்தில் களி அப்பிக்கொள்ளும். இரவில் நிறுத்தி வைத்தால் காலையில் காய்ந்து ஓடாகியிருக்கும். மறுநாள் தஞ்சாவூர் போகும்போது ஸ்டியரிங் கைகால் உதறலாய் உதறும். பயந்துபோய் வருவார்கள். சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் உட்பக்கத்தில் ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அரைக் கிலோ களி தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும். கடையில் பேலன்சிங்குக்கு ஒட்டும் ஈயமோ பத்து இருபது கிராம். வீட்டிலேயே குழாய்த் தண்ணீரை ரிம்முக்குள் பீய்ச்சிக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் என்னைத் தேடி வரவேண்டாம்.

நாலு சக்கர அலைன்மென்ட் என்று பணம் வாங்குகிறார்கள். பின்சக்கரத்தில் எதைத் திருகுகிறார்கள்?

நல்ல கேள்வி. டார்ஷன் பீம் வண்டிகளில் பெரும்பாலும் பின்னால் திருகி மாற்ற எதுவும் இல்லை. அளவு மட்டும் எடுப்பார்கள். அந்த அளவு வீண் அல்ல. பின் உத்தரம் கோணலாக இருந்தால் முன்சக்கரத்தை அதற்கேற்ப வைத்தால்தான் ஸ்டியரிங் நடுவில் நிற்கும். ஆனால் ‘பின்னாலும் சரிசெய்துவிட்டேன்’ என்று சொன்னால், செய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளைக் கேளுங்கள். பின்பக்க எண்கள் மாறாமலே இருக்கும். மல்டி லிங்க் வண்டிகளில் பின்னாலும் மாற்ற இடம் உண்டு.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடி கிழிந்துவிட்டது. கம்பெனி சாமான்தான் போட்டேன். ஏன்?

சாமான் சரி, முடுக்கியவர் தவறு. இந்த ரப்பர் புஷ் பேரிங் போல் சுழல்வதில்லை, முறுக்கிக்கொடுத்துத் திரும்புகிறது. வண்டி லிஃப்டில் தொங்கும்போது சக்கரம் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் நட்டை முழுசாக முடுக்கினால், ரப்பர் அதையே தன் இயல்பு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் நின்ற நிலையிலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். சும்மா நிறுத்தி வைத்தாலும் அது இரவும் பகலும் வேதனையில் இருக்கிறது. அதன்மேல் மதகுப் படிகளும் சேர்ந்தால் ஆறு மாதமே அதிகம்.

நட்டைக் கையிறுக்கமாக வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, அல்லது சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து ஓடும் உயரத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் கடைசி முடுக்கு. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கலாம். ‘தம்பி, தரையில் இறக்கி முடுக்குங்கள்’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

முனகும் புஷ்ஷுக்குக் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயில் அடித்தால் என்ன?

பட்டை வில் காலத்துப் பழக்கம். இரும்புப் பட்டைகளுக்கு நடுவே எண்ணெய் விடுவது சரிதான். ரப்பரில் என்ஜின் ஆயில், டீசல், கிரீஸ் பட்டால் ஊறிப் பஞ்சாகிவிடும். சத்தம் ஒரு வாரம் நிற்கும், பிறகு புஷ்ஷே நிற்காது. சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கலாம்.

மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டினேன். சஸ்பென்ஷனுக்கு என்ன ஆகும்?

ஷாக் மூடிய பொருள், அதற்குள் தண்ணீர் போகாது. ஆபத்து ரப்பர் உறைகளில்தான். பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனை, என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றின் மேல் உள்ள உறையில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும் சேற்றுத் தண்ணீர் புகுந்து உள்ளே இருக்கும் கிரீஸை மாவாக்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துச் சத்தம் வரும், அப்போது வெள்ளம் யாருக்கும் நினைவிருக்காது. தண்ணீர் வடிந்த வாரத்திலேயே உறைகளைப் பார்த்துவிடுங்கள். வீல் பேரிங்கும் அப்படியே: வேகத்தோடு கூடும் ‘ஊம்ம்’ என்ற ரீங்காரம், வளைவில் குரல் மாறினால் அதுதான்.

இன்னொன்று. அறுவடை நேரத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் ஏற்றாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட்டில் கயிறாகச் சுற்றி உறையை அறுத்துவிடும். சூடான புகைக்குழாயில் சிக்கினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

வீடு வேதாரண்யத்தில். எல்லாம் துருப்பிடிக்கிறது. வேறென்ன வழி?

உப்புக்காற்று முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கின் கீழ்முனையில். அது உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் ஈரமும் தேங்கும். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துரு குடைந்து, ஒருநாள் கடைசிச் சுற்று ‘பட்’டென்று உடையும். உடைந்த முனை டயரைக் கிழிக்கக்கூடும். வண்டி ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் தாழ்ந்திருந்தால் உடனே பாருங்கள்.

உப்பளச் சாலையில் போய்வந்தாலும் வேளாங்கண்ணி கடற்கரை மணலில் இறக்கினாலும், அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தக் குழாயை ரப்பர் உறைக்குப் பக்கத்தில் வைத்துப் பீய்ச்ச வேண்டாம். வண்டியை மணலில் இறக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. நடந்து போகலாம், நாலு எட்டுதான்.

டிக்கியில் நாலு நெல் மூட்டை ஏற்றலாமா? வண்டி தாங்குகிறதே.

கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. நான்கு என்றால் 160. நடுத்தர எஸ்யூவி பலவற்றில் ஆட்களும் சாமானும் சேர்த்து ஏற்றக்கூடிய எடை 400 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பெரியவர்கள் ஐந்து பேரே 350 கிலோ ஆகிவிடுவார்கள். மிச்சம் ஒரு சிப்பத்துக்குத்தான் இடம். நீங்கள் தனியாக ஓட்டினால் நான்கும் கணக்கில் அடங்கும். அப்போதும் பின்சீட்டை மடித்து, மூட்டைகளை முன்னால் தள்ளி, அச்சுக்கு மேல் வருமாறு அடுக்குங்கள். டிக்கியின் ஓரத்தில் வைத்தால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். விதைநெல்லும் உரமும் வாராவாரம் போகிறதென்றால் அதற்கு வேறு வண்டி இருக்கிறது.

பின்பக்கம் தாழ்கிறது. ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே ரப்பர் வைத்துத் தருகிறார்கள். போடலாமா?

நான் போட்டுத் தருவதில்லை; வாடிக்கையாளர் சிலர் அதற்காகக் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த ரப்பர் அகப்பட்ட சுற்று வேலை செய்யாது. மற்றச் சுற்றுகள் அந்தப் பங்கையும் சுமக்கும். ஸ்பிரிங் கடினமாகும், உயரம் கூடும், ஓட்டுபவர் மகிழ்வார். ஷாக்கோ பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது. கடினமான ஸ்பிரிங்கின் துள்ளலை அதனால் அடக்க முடியாது. ரப்பருக்கு அடியில் ஈரம் தேங்குவதும் மேலே வேதாரண்யத்துக்காரருக்குச் சொன்ன அதே துருவைத்தான் கொண்டுவரும்.

முதலில் ஏன் தாழ்கிறது என்று பாருங்கள். சமதரையில், காலி வண்டியில், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடம் வலம் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அதற்கு மருந்து புது ஸ்பிரிங் ஜோடி.

பெரிய அலாய் சக்கரம் போட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு கல்லும் தெரிகிறது.

தெரியத்தான் செய்யும். 215/60 ஆர்17 டயரின் பக்கச்சுவர், அதாவது 215-இல் 60 சதவீதம், 129 மில்லிமீட்டர். 215/55 ஆர்18 என்றால் 118. சஸ்பென்ஷனின் முதல் அடுக்கு அந்தப் பக்கச்சுவருக்குள் இருக்கும் காற்றுதான். அதில் ஒரு சென்டிமீட்டரைக் காசு கொடுத்து வெட்டிவிட்டீர்கள். பாலப் படியில் ரிம் வளைவதும் இத்தகைய வண்டிகளில்தான் அதிகம். காற்றழுத்தத்தையும் பாருங்கள்: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் எண்தான் சரி. பெட்ரோல் பங்க்கில் ‘எவ்வளவு சார்?’ என்றதும் நாற்பது என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

வண்டி புதியது, எல்லாம் சரி. ஆனால் பின்சீட்டில் அம்மாவுக்குக் குமட்டுகிறது. சஸ்பென்ஷனை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். மனித உடம்புக்குக் குமட்டல் வருவது மிக மெதுவான ஆட்டத்தில்; ஐந்து விநாடிக்கு ஒன்று என்ற அளவில். கார் ஸ்பிரிங்கின் துள்ளல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை. ஆக அம்மாவைப் படுத்துவது பெரும்பாலும் ஸ்பிரிங் அல்ல. நீங்கள் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மாறி மாறி மிதிப்பதும், ஆற்றங்கரைச் சாலையின் வளைவுகளில் திருப்புவதும்தான். உயரமான வண்டி சாயும் தூரமும் அதிகம். அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, சாலை தெரியும்படி பார்க்கச் சொல்லுங்கள். பாலத்துக்கு ஐம்பது அடி முன்பே காலை எடுங்கள்.

பழைய எஸ்யூவி ஒன்று பார்த்திருக்கிறேன். சஸ்பென்ஷனை எப்படிச் சோதிப்பது?

விற்பவர் காட்டும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். நெளிந்த கரைச்சாலை ஒன்றில் 50-இல் ஐந்து கி.மீ., பிறகு செங்கல் தெருவில் 15-இல், கண்ணாடியை இறக்கிவிட்டு. முன்னது ஷாக்குக்கு, பின்னது லிங்க் ராடுக்கு; என்னென்ன சத்தம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். நான்கு டயரையும் கையால் தடவுங்கள். முன்னால் மட்டும் டயர் புத்தம் புதிதாக இருந்தால், பழைய டயர் எங்கே என்று கேளுங்கள். தேய்ந்த விதம் அதில் எழுதியிருக்கும். நான்கு மூலையும் டேப்பால் அளந்துவிடுங்கள். ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் ரப்பர் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ரிம்முக்குள் காய்ந்த களி இருந்தால் குறைக்க வேண்டாம். டிக்கிப் பலகையைத் தூக்கிப் பார்க்க மறக்காதீர்கள்.